சொல்வதெழுதுதல்

அன்புள்ள அக்கா,

பெய்ஜிங்கில் ஒரு வருட சீன மொழிப் படிப்புக்கு வந்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கு வகுப்பு தொடங்கியதும் சொல்வதெழுதுதல். என் தாள் சிவப்பு மையோடுதான் திரும்பி வருகிறது. ஜப்பான் மாணவர்கள் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஃபோனில் உச்சரிப்பைத் தட்டினால் எழுத்து வந்துவிடுகிறது. சீன மொழித் தகுதித் தேர்வான எச்எஸ்கேயைக்கூடக் கணினியில் தட்டியே எழுதலாம். சீனர்களே கையால் எழுத மறந்துவிட்டார்கள். அப்புறம் எனக்கு எதற்கு இந்தத் தண்டனை? சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. விடுதி முழுக்க வெளிநாட்டவர்கள், பேசிப் பழக ஒரு சீனர் இல்லை. ஊருக்குத் திரும்பி ஆன்லைனில் படிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இதே விஷயத்துக்காகப் போன வாரம் ஒரு நண்பரோடு சண்டை போட்டேன். சீனம் சொல்லிக்கொடுக்கிறவர். இனி மாணவர்களைக் கையால் எழுத வைக்கப் போவதில்லை என்றார். அந்தச் சூடு ஆறுவதற்குள் உங்கள் கடிதம். அவருக்குச் சேரவேண்டிய வசவும் கொஞ்சம் உங்கள் மேல் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை விடுங்கள். கேண்டீனில் தக்காளி முட்டை வதக்கல் இருக்கிறது, கடையில் லாவ் கன் மா மிளகாய் பாட்டில் இருக்கிறது. வெள்ளைச் சோற்றுக்கு வேறென்ன வேண்டும்?

ஜப்பான்காரர்களோடு உங்களை ஒப்பிட்டுக்கொண்டு அழாதீர்கள். அவர்கள் ஆரம்பப் பள்ளியிலேயே 1026 சீன எழுத்துகளை எழுதிப் படித்துவிட்டு வருகிறார்கள். நாம் அந்த வயதில் ணகர னகரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அவர்கள் முந்தினால் உங்களுக்கு என்ன அவமானம்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தட்டினால் வருகிறது என்கிறீர்கள். எது வருகிறது? ‘ஷி’ என்று தட்டிப் பாருங்கள். பத்து, கல், நேரம், சந்தை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதில் எது என்று பொறுக்க வேண்டியது உங்கள் கண். மண்ணுக்கும் போர்வீரனுக்கும் எழுத்தில் ஒரே வித்தியாசம்தான்: இரண்டு படுக்கைக் கோடுகளில் மண்ணுக்குக் கீழ்க்கோடு நீளம், வீரனுக்கு மேல்கோடு நீளம். இதைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பழகியவருக்கு ஒரு மாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். கை நாலு தடவை நீட்டிக் குறுக்கி எழுதியிருந்தால் மறக்காது.

சரி, அச்செழுத்தாவது பரவாயில்லை. கையெழுத்தை என்ன செய்வீர்கள்? நான் அங்கே படித்தபோது எங்கள் விடுதியின் குளியலறைக் கதவில் ஒரு நாள் மார்க்கரில் அவசரமாகக் கிறுக்கிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் கூடி நின்று பார்த்தோம். அகராதிச் செயலியின் கேமராவும் கைவிரித்துவிட்டது. படித்தது ஒரு கேமரூன் பெண். தினமும் கட்டம் போட்ட நோட்டில் எழுதித் தள்ளுவாள் என்று எல்லாரும் கேலி செய்த பெண். விரலால் காற்றில் அந்தக் கிறுக்கலை ஒரு தடவை எழுதிப் பார்த்தாள், அவ்வளவுதான். நாளைக் காலை குளிக்க முடியாது என்றாள். குளிப்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளிலும் இடப்பக்கம் தண்ணீருக்கான மூன்று புள்ளிகள் உண்டு. அச்சில் மூன்றும் தனித்தனியாக நிற்கும். வேகமாக எழுதும் கையில் மேலே ஒரு புள்ளி, கீழே மேல்நோக்கிச் சுழித்த ஒரு கோடு. எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு என்று கை பழகியிருந்தால்தான் அந்தச் சுழி எங்கிருந்து முளைத்தது என்று தெரியும். அன்று ராத்திரியே எங்கள் மாடி முழுக்கக் குளித்து முடித்தது. மற்ற மாடிக்காரர்கள் காலையில் ஷாம்பு போட்ட தலையோடு கத்திக்கொண்டிருந்தார்கள்.

சீனர்களே மறந்துவிட்டார்களாம்! உண்மைதான். 2013-இல் சீன அரசுத் தொலைக்காட்சி சொல்வதெழுதும் போட்டியே நடத்தியது. தேரை என்ற சொல்லை எழுதச் சொன்னபோது அரங்கில் இருந்த பெரியவர்களில் பெரும்பாலோரால் முடியவில்லை. ஆனால் அதே சொல்லை எங்கே பார்த்தாலும் தயங்காமல் படிப்பார்கள். பள்ளிக்கூடக் காலம் முழுவதும் எழுதித் தேய்ந்த கை அது. நீங்கள் இன்னும் எழுதவே தொடங்கவில்லை, அதற்குள் மறதிக்கு மனுப் போடுகிறீர்கள்.

எல்லாவற்றையும் எழுதச் சொல்லவும் இல்லை. சீனம் படிக்கும் வெளிநாட்டவர்களுக்காக 2021-இல் வந்த அளவுகோல் ஒன்பது நிலைகளுக்கும் சேர்த்துப் படிக்கத் தெரிய வேண்டியது 3000 எழுத்துகள் என்றால், கையால் எழுத வேண்டியது 1200தான் என்கிறது. முதல் மூன்று நிலைகளுக்கு வெறும் 300. இதற்கா ஊருக்குத் திரும்புவது?

பெய்ஜிங்கில் உட்கார்ந்துகொண்டு பேசச் சீனர் இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? விடுதி வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மா யார்? தெருமுனையில் அட்டையில் விலை எழுதி வைத்திருக்கும் பழக்காரர்? நோட்டை எடுத்துக்கொண்டு போய், “இதை எழுதிக் காட்டுங்கள்” என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். கோட்டைத் தப்பாகப் போட்டால் கையைப் பிடித்துத் திருத்துவார். கூடவே உங்கள் சம்பளம், கல்யாணம், அப்பாவின் உத்தியோகம் எல்லாம் விசாரிப்பார். நீங்கள் தேடுகிற பேச்சுப் பயிற்சி அதுதான். வகுப்பில் ஆசிரியை உங்களை எழுப்பிக் கேள்வி கேட்டாலும் கேட்கட்டும். கேட்பதை நிறுத்திவிட்டால் அப்போது எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. பெய்ஜிங்கில் குளிர்கால வெப்பமூட்டலை வழக்கமாக நவம்பர் 15-க்குத்தான் தொடங்குவார்கள். அதுவரை அறைக்குள் விரல் விறைக்கும். அதையும் எழுதாமலிருக்கக் காரணமாகச் சொல்லாதீர்கள், விரல் நுனி திறந்த கையுறை மலிவாகவே கிடைக்கிறது.

அன்புடன்,
அக்கா