கலிக்காமரின் கோபம்

அன்புள்ள ஐயா,

முருகனைப் பாத்திரமாக வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். வேலை தேடி நகரத்துக்கு வரும் முருகன் ஒவ்வொரு நேர்காணலிலும் அவமானப்படுவதுதான் கதை. 'வம்பில் மாட்டிக்கொள்வாய்' என்கிறார் நண்பர். பெயரை மாற்றிவிடவா? 'யார் மனதையும் புண்படுத்தும் நோக்கமில்லை' என்று முன்குறிப்பு போட்டால் போதுமா? சட்டம் என்ன சொல்கிறது? பிற மதத்துப் புனிதர்களைப் பற்றியும் எழுதலாமா? கதையை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

சில நாட்களாகப் பெரியபுராணத்திலேயே கிடக்கிறேன். உங்களுக்கு உடனே பதில் வருவது அதனால்தான்.

முன்குறிப்பு வேண்டாம். கும்பிட்டுவிட்டு அடித்தால் வலி குறையுமா? பெயரை மாற்றுவதும் வீண். வேலும் மயிலும் இருக்கும்போது 'வேலப்பன்' என்று எழுதி யாரை ஏமாற்றப் போகிறீர்கள்? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927-ல் சேர்த்த 295ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 ஆகியிருக்கிறது. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. மேற்கொண்டு வழக்கறிஞரிடம் கேளுங்கள். பிற மதங்கள் இருக்கட்டும், முதலில் முருகனைப் பார்ப்போம்.

உங்கள் கதையில் முருகனே இல்லை. பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மனையே குட்டிச் சிறையில் போட்டவன் அவன். கேள்வி கேட்டே பழகியவனை நேர்காணல் நாற்காலியில் உட்காரவைத்தால் என்ன ஆகும்! கதை அங்கேயல்லவா இருக்கிறது? நீங்களோ அவனைத் தலைகுனியவைத்து, 'முன் அனுபவம் உண்டா?' என்று கேட்கிறீர்கள். பெயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேலை கிடைக்காத ஒரு பையனின் புலம்பல். அதையே நேராக எழுதியிருக்கலாமே. புதுமைப்பித்தன் 1943-ல் கடவுளைச் சென்னைக்குக் கூட்டிவந்து காப்பி குடிக்கவைத்தாரே என்று சொல்வீர்கள். சரி, அந்தக் கதையில் கடவுளைச் சந்திக்கும் கந்தசாமிப் பிள்ளையை அவருக்கு நகக்கண் வரை தெரியும். உங்களுக்கு அப்படி யாரைத் தெரியும்?

என் பெரியப்பா மாலையில் பெரியபுராணம் படிப்பார். நல்ல கனத்த குரல். ஏயர்கோன் கலிக்காமர் வரும் இடத்தில் மட்டும் அந்தக் குரல் கரகரத்துவிடும். கதை தெரியுமா உங்களுக்கு? சங்கிலியாரை இரண்டாவதாக மணந்து திரும்பிய சுந்தரரை மூத்த மனைவி பரவையார் வீட்டுக்குள் விடவில்லை. சுந்தரர் சிவனையே தூது அனுப்புகிறார். நள்ளிரவில் அர்ச்சகர் வேடத்தில் திருவாரூர்த் தெருவில் நடந்து போய்க் கதவைத் தட்டுகிறார் சிவன். பரவையார் மறுத்துவிடுகிறார். திரும்பி வந்தவரைச் சுந்தரர் மறுபடியும் அனுப்புகிறார். இதைவிடத் துணிச்சலாகக் கடவுளைக் கதையில் நடக்கவைத்தவர் யார்?

ஆனால் சேக்கிழார் இதைச் சொல்வது எங்கே தெரியுமா? கலிக்காமரின் புராணத்தில். அதாவது, இதைக் கேட்டு மனம் கொதித்தவரின் கதைக்குள். ஆண்டவனை ஒரு பெண்ணிடம் தூது அனுப்புவதா, இவனெல்லாம் தொண்டனா என்று கலிக்காமர் குமுறுகிறார். அவருக்குச் சூலை நோய், அதாவது கொடிய வயிற்று வலி, வருகிறது. சுந்தரர்தான் தீர்க்க முடியும் என்கிறார் சிவன். அவன் வந்து தீர்ப்பதைவிட இந்த நோயே இருக்கட்டும் என்கிறார் கலிக்காமர். சுந்தரர் வருகிறார் என்று தெரிந்ததும் உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். அவர் மனைவி, யாரும் அழக்கூடாது என்று சொல்லிவிட்டு விருந்தினரை வரவேற்கிறாள். உள்ளே வந்து பார்த்த சுந்தரர் அதே வாளை எடுத்துத் தானும் சாகப் போகிறார். சிவன் அருளால் உயிர்த்தெழுந்த கலிக்காமர் அதைப் பிடித்துத் தடுக்கிறார். அப்புறம் இருவரும் ஒருவர் காலில் ஒருவர் விழுகிறார்கள்.

பெரியப்பா கடைசிவரை கலிக்காமர் கட்சி. 'அவர் கோபப்பட்டதில் என்ன தப்பு?' என்பார். சொல்லிவிட்டு, கண்ணிழந்த சுந்தரர் திருவாரூரில் சிவனைத் திட்டிப் பாடிய 'மீளா அடிமை' பதிகத்தைப் பாடுவார். 'வாழ்ந்து போதீரே' வரும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். திட்டியவரும் திட்டுப் பொறுக்காதவரும் அந்த ஒரே தொண்டைக்குள் இருந்தார்கள்.

புண்படுகிறவன் என்றதும் உங்களுக்குக் கல்லோடு நிற்கும் கும்பல்தான் ஞாபகம் வருகிறது. கும்பலும் உண்டு, அது கதையைப் படிப்பதே இல்லை, அதை விடுங்கள். ஆனால் உண்மையிலேயே வலித்துப் போகிறவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் அறுபத்து மூவரில் இடம் கொடுத்தார் சேக்கிழார். அவனை முட்டாளாக்கவில்லை, அவன் வாயில் சொத்தை வாதத்தை வைக்கவில்லை. துணிந்து எழுதினேன் என்று மார்தட்டும் நம் ஆட்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? எனக்கு அவர்கள்மேல் கோபம் இதனால்தான்.

பிற மதங்கள் பற்றிக் கேட்டீர்கள். வீரமாமுனிவர் சூசையப்பரையும் உமறுப்புலவர் நபிகளையும் காப்பியத்தில் பாடியது அந்த நம்பிக்கைக்கு உள்ளிருந்து. வெளியே இருப்பவருக்கு அங்கே யாருக்கு எது வலிக்கும் என்று புரியவே வருஷக்கணக்காகும். இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் கதையில் ஓர் ஆச்சி வருகிறாள். பேருந்து நிறுத்தத்தில் முருகனை அடையாளம் கண்டு காலில் விழுகிறாள், பையன்கள் சிரிக்கிறார்கள். அவளுக்கு இரண்டே வரி. கதையில் உயிருள்ள ஆள் அவள் ஒருத்திதான், கிண்டலுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். நேர்காணல் அறைக்கு வெளியே அவளை உட்காரவையுங்கள். முருகன் தோற்று வெளியே வரும்போது அவள் என்ன சொல்வாள்? அவனைத் திட்டுவாளா, கேள்வி கேட்டவர்களைத் திட்டுவாளா, எழுதிய உங்களைத் திட்டுவாளா? அதை எழுதி அனுப்புங்கள்.