கண்மாய்க் கரையில ஒரு கிளாஸ்

கேள்வி: ஐயா, என் பொண்ணு பி.காம் முதல் வருஷம். சுற்றுச்சூழல் பேப்பர், வேல்யூ எஜுகேஷன், 'நான்-மேஜர் எலெக்டிவ்' (வேற டிபார்ட்மென்ட் பாடம்)னு வாரத்துல நாலஞ்சு பீரியட் போகுது. டைம் வேஸ்ட்மா, அந்த நேரத்துக்கு டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) கத்துக்கலாம்ங்கறா. இதெல்லாம் தேவைதானா?
(ஒரு அம்மா, அருப்புக்கோட்டை)

பதில்: தேவைதாம்மா, ஆனா உங்க பொண்ணு கோவத்துலயும் நியாயம் இருக்கு, ஏன்னா பல காலேஜ்ல இந்த பேப்பரை யாருக்கு ஹவர்ஸ் குறையுதோ அவங்க தலையில கட்டிடுறாங்க, அவங்களும் பரீட்சைக்கு முந்தி நோட்ஸை ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டு முடிச்சிடுறாங்க. அப்புறம் பிள்ளைங்களுக்கு எப்படி ஆர்வம் வரும்?

சுற்றுச்சூழல் பேப்பர் சும்மா வந்ததில்ல. சுற்றுச்சூழல் வக்கீல் எம்.சி.மேத்தா போட்ட வழக்குல 1991-ல சுப்ரீம் கோர்ட் சொல்லித்தான் வந்துச்சு, அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா இழுத்து, எல்லா டிகிரிக்கும் பொதுவா யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒரு சிலபஸ் போட்டுச்சு. அதுல 100 மார்க்குல 25 ஃபீல்ட் வொர்க்குக்கு. பக்கத்துல இருக்கற ஆறு, குளம், குப்பைமேடுன்னு எதையாவது நேர்ல போய்ப் பார்த்து எழுதணும். இந்த 25 மார்க்குதான் அந்த பேப்பரோட உயிரே. அதைப் போன வருஷ ரெக்கார்டைப் பார்த்து காப்பி அடிச்சு முடிச்சிடுறோம், எனக்கு ரொம்ப வருத்தம் அதுலதான்.

நான் காலேஜ்ல வேலை பார்த்தப்ப ஒரு தடவை பி.காம் பிள்ளைங்களை பக்கத்து ஊர் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போனேன். தண்ணி திறந்து விடற மடை எங்க, மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கலுங்கு எங்கன்னு காட்டிட்டு இருந்தேன், ஒரு பையன் மீன் குத்தகை எவ்வளவு, அந்தக் காசு யாருக்குப் போகும், கரை உடைஞ்சா யார் செலவு பண்ணணும்னு கேட்டான், எனக்குப் பதில் தெரியல, ஊர்ப் பெரியவர் ஒருத்தரைப் பிடிச்சு ரெண்டு மணிநேரம் பேச வச்சோம். அன்னிக்கு அவங்க படிச்சது சுற்றுச்சூழலா காமர்ஸா வரலாறான்னு பிரிச்சே சொல்ல முடியாது. டேலி மூணு மாசத்துல கத்துக்கலாம்மா, இந்த மாதிரி கேள்வி கேக்கற பழக்கம் காலேஜ்ல வரலன்னா அப்புறம் வர்றது கஷ்டம்.

நான்-மேஜர் எலெக்டிவ்லயும் இதே குறைதான், தன் டிபார்ட்மென்ட் பிள்ளைங்களுக்கு நடத்தறதையே பாதியா வெட்டிப் போட்டுடுறாங்க. காமர்ஸ் பிள்ளைக்கு விலங்கியல் நடத்தினா தவளை உடம்பு எதுக்கு, டெங்கு கொசு எங்க முட்டை போடுது, பாம்பு கடிச்சா என்ன செய்யணும்னு நடத்தலாமே. டிபார்ட்மென்ட்ல நல்லா நடத்தறவர் யாரோ அவரை இதுக்கு அனுப்பணும், அனுபவம் உள்ளவங்களே முதல் வருஷ கிளாஸுக்கு வரணும்.

கேள்வி: நான் இன்ஜினியரிங் படிக்கிறேன் சார், எங்களுக்கு எதுக்கு தமிழர் மரபு பேப்பர்?
(ஒரு மாணவர், மதுரை)

பதில்: தம்பி, அண்ணா பல்கலைக்கழகம் 2021 ரெகுலேஷன்ல (பாடத்திட்ட விதிமுறை) தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும்னு ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணும் 1 கிரெடிட்தான். ரெண்டாவது பேப்பர்ல குமிழித் தூம்புன்னு வரும் பாருங்க. ஏரிக்குள்ள இருக்கற மடை அது, நீரோடி ஓட்டை வழியா தண்ணியும் கீழ இருக்கற சேறோடி ஓட்டை வழியா சேறும் போகும், அதனால பாசனம் நடக்கறப்பவே தூர் வாரற வேலையும் கொஞ்சம் நடந்துடும். இதைவிட நல்ல இன்ஜினியரிங் பாடம் வேணுமா? அதை வெறும் 2 மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணாம, உங்க சாரைக் கேட்டு ஒரு மாடல் செஞ்சு தண்ணி விட்டுப் பாருங்க.