சோதனை போட போலீஸ் வாசலில் நின்றால்: கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். போலீஸ் சோதனை, பறிமுதல் பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இந்தியச் சட்டம் மட்டும்தான்.

சார், வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வர முடியுமா? சினிமாவில் "வாரண்ட் இருக்கா?" என்று கேட்டதும் திரும்பிப் போய்விடுகிறார்களே.

வரலாம். பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, இப்போதுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 185-வது பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165-தான் அது. 2024 ஜூலை 1 முதல் எண் மாறிவிட்டது. ஆனால் நினைத்த நேரத்தில் நுழைய அது அனுமதிச் சீட்டு இல்லை. விசாரணையில் ஒரு வழக்கு இருக்க வேண்டும். தேடும் பொருள் அந்த இடத்தில் கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். வாரண்டுக்குப் போனால் தாமதமாகிவிடும் என்ற நிலை வேண்டும். அந்தக் காரணத்தையும், முடிந்தவரை தேடும் பொருள் என்ன என்பதையும் முன்கூட்டியே வழக்கு டைரியில் எழுத வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

வாரண்ட் இல்லை என்பதற்காகக் கதவை மறித்துக்கொண்டு மல்லுக்கு நிற்காதீர்கள். அதை வைத்தே உங்கள் மேல் இன்னொரு வழக்கு வரும். "எந்த வழக்கு, என்ன குற்ற எண், என்ன தேடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சட்டக் கல்லூரியில் படிக்கிறேன். அரசியலமைப்பில் இதற்கென்று தனிப் பிரிவு எதுவும் இல்லையா?

நியாயமில்லாத சோதனை, பறிமுதலைத் தடுக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் போல நம்மிடம் ஒன்று இல்லை. 1954-ல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் இதையே சொல்லி, சோதனை அடிப்படை உரிமையைத் தொடவில்லை என்று முடித்தார்கள். 2017-ல் புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்க உரிமை, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-வது பிரிவோடு ஒட்டியது என்று தீர்ப்பளித்து, சர்மா தீர்ப்பின் அந்தப் பகுதியை மாற்றினார்கள். இனி எந்தச் சோதனையாக இருந்தாலும் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. என் பார்வையில் கடைசியாகச் சொன்ன அளவுதான் இனி வரும் வழக்குகளில் பெரிய சண்டையாக இருக்கும், முக்கியமாக செல்போன் விஷயத்தில்.

சட்டத்தை மீறிச் சோதனை போட்டால் கிடைத்த பொருள் கோர்ட்டில் செல்லாதுதானே ஐயா?

பெரும்பாலும் செல்லும். மனதுக்குக் கஷ்டமான பதில்தான். 1974 பூரண்மல் வழக்கு முதல் நம் நிலை இது: சாட்சியம் வழக்குக்குச் சம்பந்தமானதா என்று பார்ப்பார்கள், முறை தவறியது என்பதற்காக மட்டும் தூக்கி எறிய மாட்டார்கள். போதைப் பொருள் சட்டத்தின் 50-வது பிரிவு முக்கியமான விதிவிலக்கு. உடலைச் சோதனையிடும் முன், "கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை போடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உடலிலிருந்து எடுத்ததை வைத்து, அவரிடம் போதைப் பொருள் இருந்தது என்று நிரூபிக்க முடியாது என்று 1999 பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கையில் இருந்த பைக்கு இது பொருந்தாது.

சோதனை முறைகேடானது என்பதால் வழக்கு தானாக விழாது. ஆனால் பொருள் அங்கேதான் கிடைத்தது என்ற கதையையே கோர்ட் நம்பாமல் போகலாம். அதனால்தான் என்ன நடந்தது என்ற பதிவுக்கு இவ்வளவு மதிப்பு.

அப்படியென்றால் சோதனை நடக்கும்போது வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

கூடவே இருங்கள். வீட்டுக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ சோதனை முழுக்க உடனிருக்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 103-வது பிரிவு சொல்கிறது. அக்கம்பக்கத்தில் மதிப்பான, வழக்கோடு தொடர்பில்லாத இரண்டு பேர் சாட்சியாக வேண்டும். எடுத்த பொருட்களின் பட்டியல் அங்கேயே எழுதி, அவர்கள் கையெழுத்தோடு உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும். 105-வது பிரிவின்படி இப்போது எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும்.

நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். மகன் அறையைச் சோதனை போட்டபோது அந்த அம்மா தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: "4.10 வந்தாங்க. ஏழு பேர். ஒரு போன், பின்னாடி கீறல். 5 மணிக்குப் போனாங்க." போலீஸ் எழுதிய மகஜரில் (சோதனை, பறிமுதல் பற்றிய பதிவில்) காலை 6 மணிக்குச் சோதனை, இரண்டு போன் என்று இருந்தது. சாட்சிகள் இருவரும் வேறு ஊர்க்காரர்கள். குறுக்கு விசாரணையில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் கேட்டேன். இரண்டாவது போனைக் கைப்பற்றியதைக் கோர்ட் நம்பவில்லை. அந்த அம்மா பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான்.

அக்கம்பக்கத்தில் சோதனை. என்னை மகஜர் சாட்சியாகக் கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறார்கள். மறுக்கலாமா அண்ணா?

எழுத்து மூலம் உத்தரவு கொடுத்தால் தக்க காரணமில்லாமல் மறுப்பது குற்றம். போங்கள், ஆனால் கண்ணால் பார்த்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம். தனியாக சம்மன் வந்தால்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

இரவில் வரலாமா? வீட்டில் நாங்கள் பெண்கள் மட்டும்தான்.

இரவுச் சோதனைக்குப் பொதுவான தடை இல்லை அம்மா. பெண்ணின் உடலைச் சோதனை போடுவது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், கண்ணியம் குறையாமல். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ரவுடி பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக நடு ராத்திரியில் கதவைத் தட்டுவதைக் கேட்டு இன்னொருவரும் எழுதியிருந்தார். கரக் சிங் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசப் போலீஸ் விதியில் இருந்த அந்த இரவு வருகையை ரத்து செய்துவிட்டது.

ரோட்டில் நிறுத்தி போனை வாங்கி வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கிறார்கள். பாஸ்வேர்ட் சொல்லியே ஆக வேண்டுமா?

வாகனத் தணிக்கை என்றால் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் கேட்கலாம். போனுக்குள் மேய்வது அதில் அடங்காது. திருட்டுப் பொருள் என்றோ குற்றத்தோடு சம்பந்தம் என்றோ சந்தேகம் இருந்தால் பி.என்.எஸ்.எஸ். 106-வது பிரிவில் போனைக் கைப்பற்றலாம். அப்போது கைப்பற்றியது எழுத்தில் வர வேண்டும்.

பாஸ்வேர்ட் பற்றி கோர்ட்டுகள் ஒரே குரலில் பேசவில்லை. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. கைரேகை அதில் வராது என்று 1961-ல் தீர்ப்பு. மனதில் இருப்பதை நார்கோ ஊசி போட்டு வாங்கக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் தீர்ப்பு. பாஸ்வேர்ட் கைரேகை மாதிரியா, மனதில் இருப்பதா? கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் முதல் பக்கம் சாய்ந்தது. டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் 2022-ல் கட்டாயப்படுத்த முடியாது என்றது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் விரல் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது, பாஸ்வேர்ட் என் நினைவில் மட்டும் இருக்கிறது. போனை எடுத்தால் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) மகஜரில் ஏறட்டும், உறையில் போட்டு உங்கள் கண் முன் சீல் வைக்கட்டும்.

பிடித்த பைக் ஆறு மாதமாக ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. டயருக்குள் புல் முளைத்துவிட்டது.

மனு போடவில்லையா? கைப்பற்றியதை மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை. திரும்பக் கேட்பது உங்கள் வேலை. பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503-வது பிரிவின் கீழ் ஆர்.சி. நகலோடு கோர்ட்டில் மனு போடுங்கள். வண்டிகளை ஸ்டேஷனில் துருப்பிடிக்க விடாமல் 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இதை முடிக்க வேண்டும் என்று சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பையும் மனுவில் குறிப்பிடுங்கள். போட்டோ எடுத்து, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும், அதுவரை விற்கக் கூடாது.

சோதனை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. கையில் ஒரு தாளும் இல்லை. இப்போது என்ன செய்யலாம்?

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 185-ன் கீழ் பதிவின் நகல் கேட்டு மனுப் போடுங்கள். இலவசமாகத் தர வேண்டும். வீடியோ வந்து சேர்ந்ததா என்றும் அதே மனுவில் கேளுங்கள். அன்று என்ன நடந்தது என்பதை, வந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி, எந்த அலமாரியைத் திறந்தார்கள் என்று வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் தனித்தனியாக இன்றைக்கே எழுதித் தேதி போடுங்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுத வேண்டாம்.