இனிப்புக் காரச் சாஸில் சர்க்கரை காரத்தை எப்படித் தணிக்கிறது? அதை வீட்டில் செய்வது எப்படி?

இனிப்புக் காரச் சாஸ் என்பது மிளகாய், பூண்டு, வினிகர், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைக் காய்ச்சிப் பாகுபோல் ஆக்கிய தொடுகறி. தாய்லாந்தில் சுட்ட கோழிக்குத் தொட்டுக்கொள்வதால் இதை 'நாம் சிம் காய்', அதாவது கோழிக்கான தொடுசாறு என்கிறார்கள்.

மிளகாயிலுள்ள கேப்சைசின் என்னும் பொருள், நாக்கில் வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால்தான் சூடு பட்டதுபோல் எரிகிறது. சர்க்கரை அந்தப் பொருளை அழிப்பதில்லை. மேளச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவரின் பேச்சு அமுங்கிவிடுவதைப் போல, இனிப்பின் முன்னால் எரிச்சல் சற்று மங்கித் தெரிகிறது, அவ்வளவுதான்.

எட்டுப் பழுத்த சிவப்பு மிளகாயையும் நான்கு பூண்டுப் பற்களையும் கொரகொரப்பாக அரைத்து, அரை கப் வினிகர், முக்கால் கப் தண்ணீர், அரை கப் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கிளற வேண்டும். (வினிகர் ஆவி தொண்டையைக் கமறச் செய்யும்; சன்னலைத் திறந்து வைப்பது நல்லது.) கரண்டியில் மெல்லியதாகப் படியும்போதே இறக்கிவிடுங்கள், ஏனெனில் ஆறியபின் அது இன்னும் கெட்டியாகும். குளிர்ப்பெட்டியில் கண்ணாடிப் புட்டியில் வைக்கலாம்.

விதையை நீக்கினால் காரம் போய்விடும் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் கேப்சைசின் பெரும்பாலும் விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சதையில்தான் இருக்கிறது.