கேள்வி – பதில்: கண் அயர்வதும் விருந்து அயர்வதும்

கேள்வி: 'தாத்தா கண்ணயர்ந்துவிட்டார்' என்கிறோம். 'அயராது உழைத்தவர்' என்று பாராட்டுகிறோம். ஆனால் திருக்குறளில் 'மாலை அயர்கம் விருந்து' என்று வருகிறதே, அங்கே யாரும் தூங்கவும் இல்லை, களைக்கவும் இல்லை. இது ஒரே சொல்தானா?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: ஒரே சொல்லாகத்தான் நான் பார்க்கிறேன். நீங்கள் சொல்வது 1268ஆம் குறள். மன்னன் போரில் வெல்லட்டும், நாம் வீடு சேர்ந்து மாலையில் விருந்து கொண்டாடுவோம் என்கிற ஆசை அது. பழந்தமிழில் அயர்தல் என்றால் ஒன்றை விரும்பிச் செய்வது, அதிலேயே மூழ்கிப்போவது. விழா அயர்வார்கள், விளையாட்டு அயர்வார்கள். முருகன் பெயரால் வேலன் என்கிற பூசாரி ஆவேசம் கொண்டு ஆடுவது வெறியயர்தல். திருமுருகாற்றுப்படை அந்த ஆடுகளத்தை 'வெறியயர் களன்' என்கிறது. ஆடுகிறவனுக்குத் தன் நினைவு இருக்காது. தூங்குகிறவருக்கும் இருக்காது. இந்தத் 'தன்னை மறத்தல்'தான் இரண்டையும் சேர்க்கிறது என்பது என் எண்ணம்.

மறதி என்ற பொருளும் இதற்கு உண்டு. நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதல் பாட்டிலேயே 'அயர்வறும் அமரர்கள்' என்கிறார். அந்த அயர்வுக்கு உரைகாரர்கள் சொல்லும் பொருள் மறதி. பேச்சில் நாம் 'அசந்து மறந்துகூட அந்தப் பக்கம் போயிடாதே' என்கிறோமே, அந்த அசந்து யார் என்று நினைக்கிறீர்கள்? உயரம் ஒசரம் ஆனதுபோல அயர்ந்து அசந்து ஆயிற்று. அப்புறம் பாருங்கள், அது எங்கெல்லாம் போயிருக்கிறது! அசந்து தூங்குகிறோம், கொஞ்சம் அசந்தால் ஏமாந்துவிடுகிறோம், நல்ல பாட்டைக் கேட்டு அசந்துபோகிறோம், பாடியவரை 'அசத்திட்டீங்க' என்கிறோம். எல்லாவற்றிலும் ஒரு கணம் நாம் நம் வசத்தில் இல்லை.

அதனால்தான் கண் அயர்தலைச் சோர்வு என்று மாற்றினால் எனக்குப் பொறுக்காது. கதை ஒன்றைப் பிழை திருத்திய இளைஞர் 'குழந்தை கண்ணயர்ந்தது' என்ற வரியை 'குழந்தை சோர்ந்து தூங்கியது' என்று ஆக்கியிருந்தார். பழையபடியே போடச் சொன்னேன். சோர்ந்து தூங்கினால் காய்ச்சலோ பசியோ என்று வாசகருக்குக் கவலை வந்துவிடும். 'இப்பத்தான் கண்ணசந்தான், சத்தம் போடாதீங்க' என்று சொல்கிற தாயின் குரலில் கவலை இல்லை, நிம்மதி இருக்கிறது. இமை தானாகத் தாழ்ந்து, உடம்பு அசையாமல் அடங்குகிற அந்த நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: அசதி, களைப்பு, சோர்வு மூன்றையும் மாற்றி மாற்றி எழுதலாமா?
– இன்னொரு வாசகர்

பதில்: வேண்டாம். களைப்பு வேலை செய்தவருக்கு வருவது, உட்கார்ந்தால் தீரும். அசதி வேலையே செய்யாமலும் வரும், படுக்கச் சொல்லும். சோர்வு மனசுக்கும் உண்டு. தேர்வில் தோற்றவர் சோர்ந்துபோவார், அவரைக் களைத்துப்போனார் என்று எழுதினால் பொருள் மாறிவிடும்.