வாசகர் கேள்வி – பதில்: ரயில் ஒதுக்கிவிட்டுப் போன ஊர்

கே: என் மகள் அமெரிக்காவின் கான்சாஸில் படிக்கிறாள். நிக்கோடிமஸ் என்ற ஊரின் படங்களை அனுப்பியிருக்கிறாள். எங்கள் பூம்பாறையில் ஒரு தெருவுக்குக்கூடக் காணாது. அதற்கு ஏன் தேசிய வரலாற்றுத் தலம் என்று பலகை?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

ப: அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் அமைத்த ஊர் அது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அந்தக் காலத்தில் அவர்கள் உண்டாக்கிய குடியேற்றங்களில் இன்றும் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1996இல் அந்தத் தகுதி கிடைத்தது.

கென்டக்கியிலிருந்து வந்தவர்கள் எல்லிஸ் என்ற ஊர்வரை ரயிலில் வந்து, மீதித் தூரத்தை நடந்தே கடந்தார்கள். வந்து பார்த்தால் வீடு கட்ட மரமில்லை. சோலைக்காடு சூழ்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரமாகும்: கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான். மண்மேட்டைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். உழக் கருவியோ மாடோ போதிய அளவு இல்லை. முதல் குளிர்காலத்தில், வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்ததாக ஊரார் சொல்லி வருகிறார்கள்.

மழையும் கணக்காகத்தான். நூறாவது மேற்குத் தீர்க்கரேகையை ஒட்டி ஆண்டு மழை சுமார் 20 அங்குலம். அதற்கு மேற்கே போகப்போக மானாவாரி விவசாயம் சூதாட்டம். நிக்கோடிமஸ் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. ஒரு வருடம் விளையும், மறுவருடம் காயும்.

இத்தனைக்கும் ஊர் தாக்குப்பிடித்தது. அங்கே குடியிருந்த எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடி விழுந்தது ரயிலால். பாதை தங்கள் ஊர் வழியாக வரட்டும் என்று ஒரு ரயில் கம்பெனிக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் எழுதித் தர ஊரார் வாக்களித்தார்கள். அந்தக் கம்பெனி வரவில்லை. 1888இல் வேறொரு கம்பெனி சாலமன் ஆற்றுக்குத் தெற்கே பாதை போட்டது. அந்தப் பாதையில் போக் என்ற ஊர் முளைத்தது. நிக்கோடிமஸ் கடைக்காரர்கள் அங்கே இடம் மாறினார்கள்.

கே: மருமகன் கான்சாஸில் நிலம் வாங்குகிறார். பத்திரத்தில் சர்வே எண் இல்லை, 'என்.டபிள்யூ. 1/4, எஸ்.இ. 1/4, செக்‌ஷன் 10' என்று இருக்கிறது. எப்படிப் படிப்பது?
– ஒரு வாசகர், கோத்தகிரி

ப: கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் சதுரம். அதில் 36 செக்‌ஷன். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும். 7 அதற்கு நேர் கீழே. அங்கிருந்து கிழக்கே திரும்பும். ஏர் ஓட்டுகிற மாதிரி. ஆகவே 10 என்பது இரண்டாம் வரிசையில் மேற்கிலிருந்து நான்காவது. அதன் தென்கிழக்குக் கால்பகுதி 160 ஏக்கர்; அந்தக் காலின் வடமேற்குக் கால் 40 ஏக்கர், நம் கணக்கில் 4,000 சென்ட்.

முன்னிருந்து படித்தால், செக்‌ஷனின் நடுப்புள்ளியில் மூலைக்கு மூலை தொட்டு நிற்கும் வேறொரு 40 ஏக்கரில் போய் நிற்பீர்கள். நடுவில் 'மற்றும்' என்று இருந்தால் அவை இரண்டு தனித் துண்டுகள்.

பத்திரத்தில் டவுன்ஷிப் எண்ணும், கிழக்கு மேற்காக எத்தனையாவது என்று சொல்லும் ரேஞ்ச் எண்ணும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செக்‌ஷன் 10 ஆயிரக்கணக்கில் உண்டு. கான்சாஸில் டவுன்ஷிப்பை வடக்கெல்லையான 40 பாகை அட்சரேகையிலிருந்து தெற்கே எண்ணுவார்கள். 'டவுன்ஷிப் 8 தெற்கு' என்றால் எல்லையிலிருந்து 42 மைல் முதல் 48 மைல் வரை.

ஒரு எச்சரிக்கை. பூமி உருண்டை என்பதால் வடக்கே போகும் கோடுகள் நெருங்கும். அந்தக் குறைவை டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களில் தள்ளிவிடுவார்கள். அங்கே 'கால்பகுதி' என்பது முழு 160 ஏக்கர் இல்லாமல் போகலாம். விலை பேசுமுன் அளந்த ஏக்கரைக் கேளுங்கள். நேரான சாலை திடீரென்று ஒடிந்து திரும்புவதற்கும் பல இடங்களில் இதுவே காரணம்.

கே: ரயில் வராவிட்டால் ஊர் அழியும் என்றால், கொடைக்கானல்?
– ஒரு வாசகர், குன்னூர்

ப: நல்ல மடக்கு. கொடைக்கானலுக்கு இன்றும் ரயில் இல்லை. கோடை ரோடு நிலையத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் மலையேற வேண்டும். ஆனால் 1845இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டியது சமவெளிக் காய்ச்சலுக்குத் தப்பித்தான். மூட்டை மூட்டையாகத் தானியம் அனுப்ப அல்ல. உங்கள் ஊருக்கு ரயில் 1899இலும் ஊட்டிக்கு 1908இலும் வந்தபோது ஊர்கள் ஏற்கெனவே இருந்தன. கான்சாஸ் விவசாயியோ கோதுமையைக் குதிரை வண்டியில் ஏற்றி, அன்றே வீடு திரும்பும் தூரத்தில் நிலையம் இருந்தால்தான் பிழைக்க முடியும். அவர் எங்கே விற்கிறாரோ அங்கேயே சாமானும் வாங்குவார். நிக்கோடிமஸ் கடைக்காரர்கள் போக் ஊருக்குப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.