பெயர் தெரியாத பழைய கருவிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆன்லைன் ஏலத்தில் புனலூர்க்காரர் ஒருவர் மூன்று பழைய கருவிகளை ஒரே லாட்டாகப் போட்டிருக்கிறார். ஒன்று, ஒரு சாண் நீள இரும்புத் தகடு. விளிம்பில் வரிசையாக வெட்டுகள். இரண்டாவது மடக்குக் கத்தி மாதிரி, கூடவே ஓர் ஊசியும் மடங்குகிறது. மூன்றாவது ஸ்பேனர்; 1/2 டபிள்யூ என்று போட்டிருக்கிறது, ஆனால் வாய் கிட்டத்தட்ட ஓர் அங்குலம். எஸ்.ஐ.ஆர். என்ற முத்திரையும் உண்டு. ‘திருவிதாங்கூர் அரண்மனை வைத்தியர் கருவிகள்’ என்று தலைப்பு. ஏலம் 2,400 ரூபாயில் நிற்கிறது, ஞாயிறு இரவு முடிகிறது. வாங்கலாமா?

எஸ்.,
செங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

விற்பவர் வைத்த தலைப்பை விட்டுவிடுங்கள். கை பட்டு வழுவழுத்த இடம், சுத்தியல் அடி வாங்கிய இடம், வேலை செய்து தேய்ந்த விளிம்பு, இந்த மூன்றையும் பாருங்கள். கருவி எதற்கு என்பது அங்கேதான் இருக்கிறது.

தகட்டிலிருந்து தொடங்குவோம். இதைப் பெரும்பாலும் சாவி என்றோ ஸ்பேனர் என்றோ விற்கிறார்கள். ஸ்பேனராக இருந்தால் வாய் நட்டைப் பிடிக்கும் அகலத்தில் இருக்க வேண்டும். இங்கே வெட்டுகள் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அகலம், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிது என்றால் அது ரம்பப் பல்லைச் சாய்க்கும் தகடு. பற்களை மாற்றி மாற்றி இடமும் வலமுமாகச் சாய்த்தால்தான் அறுக்கும் தடம் ரம்பத்தின் கனத்தைவிட அகலமாகும். இல்லையென்றால் ஈர மரத்தில் ரம்பம் கவ்விக்கொள்ளும். கைரம்பத்துக்கு ஒடுங்கிய வெட்டு, இருவர் இழுக்கும் பெரிய ரம்பத்துக்கு அகலமான வெட்டு. வாய் ஓரங்களைக் கவனியுங்கள். பல்லைக் கவ்வித் திருகியதால் எதிரெதிர் மூலைகள் மழுங்கிப் பளபளக்கும். நான்கு மூலையும் ஒரே கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கட்டிங் வீலால் புதிதாகப் போட்ட வெட்டின் அடி லேசாக வளைந்திருக்கும், உள்ளே துருவின் நிறமும் மேற்பரப்போடு சேராது.

இரண்டாவது மடக்கெழுத்தாணி என்றே தோன்றுகிறது. ஊசி ஓலையில் கீற, கத்தி ஓலையை நறுக்கவும் வாரவும். கிழிக்காமல் கீற வேண்டும் என்பதால் ஊசிமுனை உருண்டு திரண்டிருக்கும், தட்டையாகவோ வெட்டும் விளிம்போடோ இருக்காது. முனையை மட்டும் நெருங்கி எடுத்த படம் கேளுங்கள். கைப்பிடி வெள்ளையாக இருந்தால் அதற்கும் ஒரு படம். எலும்பில் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். தந்தம் என்றால் தொடவே வேண்டாம். அதை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ஸ்பேனரில் உங்களைக் குழப்பியது விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் திருகு அளவு முறை; டபிள்யூ அதைத்தான் குறிக்கிறது. அதில் போட்டிருக்கும் எண் போல்ட்டின் விட்டம், வாயின் அகலம் அல்ல. 1/2 அங்குல விட்வொர்த் நட்டுக்கு வாய் 0.92 அங்குலம், அதாவது சுமார் 23.4 மில்லிமீட்டர். எஸ்.ஐ.ஆர். என்பது தென்னிந்திய ரயில்வே. 1951இல் அது தெற்கு ரயில்வேயில் இணைந்துவிட்டதால் முத்திரை உண்மையானால் கருவி அதற்கு முந்தியது. செங்கோட்டை – புனலூர் பாதை இருக்கும் ஊரில் இதில் ஆச்சரியமில்லை. ஆனால் ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பதற்கு எதிராக 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கழிவு ஏலத்தில் எடுத்த ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஸ்பேனருக்காக லாட்டின் விலையை ஏற்றாதீர்கள்.

படம் கேட்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து அனுப்புவார்கள். அதை நம்பி அளவெடுக்க வேண்டாம்: புழக்கத்தில் 25, 22, 20 மில்லிமீட்டர் என மூன்று அளவு நாணயங்கள் இருக்கின்றன. இரும்பு ஸ்கேலை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். எழுத்து உள்ள இடத்தை ஃபிளாஷ் போடாமல், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்தால் தேய்ந்த எழுத்தும் படிக்க வரும்.

விலைக்கு, கேட்கும் தொகையைப் பார்க்காமல் இதே மாதிரி பொருட்கள் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள். உங்கள் லாட்டில் மதிப்புள்ளது எழுத்தாணிதான். அது ஒன்றுக்கு எவ்வளவு கொடுப்பீர்களோ அதுதான் உச்சம். கூரியர் செலவும் அதற்குள் அடங்க வேண்டும். முனைப் படம் வராவிட்டால் 2,400க்கு மேல் போகாதீர்கள்.

வந்து சேர்ந்ததும் கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் எடுக்காதீர்கள், முத்திரை அதோடு போய்விடும். தகட்டையும் ஸ்பேனரையும் ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். காய்ந்தபின் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து எழும்பும். துரு கனமாக இருந்தால் பிளாஸ்டிக் வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். மைனஸ் முனை கருவிக்கு, பிளஸ் முனை வேண்டாத சாதா இரும்புத் துண்டுக்கு. இரண்டும் தொடக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் கருவியே கரையும். எவர்சில்வர் கரண்டியைப் பிளஸ்ஸில் போட்டால் நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். எழுத்தாணியை இதில் போடவே கூடாது. பித்தளை ஆணியும் எலும்புப் பிடியும் கெடும். அதற்கு மூட்டில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு நாள் பொறுத்து, மெதுவாகத் திறந்து பாருங்கள். கைக்கு எட்டும் தேங்காயெண்ணெய் வேண்டாம்; சிக்குப் பிடித்தால் அமிலமாகி இரும்பை அரிக்கும்.